மினி டிராக்டரை வைத்துக் கருவேலத் தூர் எடுப்பது எப்படி

தரிசு நிலத்தை வாங்கியவர்களும், அப்பா காலத்தில் விட்டுப்போன காட்டைத் திருத்த ஊருக்குத் திரும்பியவர்களும் முதலில் முட்டிக்கொள்வது சீமைக்கருவேலத்தோடுதான். வீட்டில் மினி டிராக்டர் நிற்கிறது, சங்கிலி கட்டி இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் நாள், மூன்றாவது மரத்தில், முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. கிளட்ச்சை மிதித்தேன், பொத்தென்று இறங்கியது. கால் அப்போது கிளட்ச்சின் மேல் இருந்தது என் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

அதற்கப்புறம் நான்கு ஏக்கரைச் சுத்தம் செய்ய இரண்டு வருடம் ஆனது. அதில் புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினி டிராக்டர் மரத்தைப் பிடுங்காது. பிடுங்கும் வேலை கடப்பாரைக்கும் கோடாரிக்கும். அவை விடுவித்துக் கொடுத்ததை இழுத்து வெளியே போடுவது மட்டும்தான் டிராக்டரின் வேலை. இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால்தான் விபத்து வருகிறது.

நம் ஊரில் ஓடும் 15 முதல் 27 குதிரைத்திறன் மினி டிராக்டர்களில் பெரும்பாலானவை 600 முதல் 900 கிலோ எடைதான். மண்ணில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானத்தில், தன் எடையில் ஏறத்தாழ பாதியளவுக்குத்தான் அதனால் இழுக்க முடியும். அதாவது 300 முதல் 450 கிலோ. இன்ஜின் எத்தனை குதிரை என்பது இங்கே பெரிய விஷயமில்லை. நான்கு பக்கமும் வேர் பாய்ச்சி நிற்கும் ஒரு தொடைக்கனக் கருவேலம் இந்த இழுவையைச் சட்டை செய்யாது.

எது உங்கள் வேலை, எது ஜேசிபி வேலை

காட்டைச் சுற்றி நடந்து மரங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் சுண்ணாம்பால் குறி போட்டேன்.

மணிக்கட்டுக் கனம் வரை உள்ள கன்றுகளை, மண் ஈரமாக இருந்தால், மினி டிராக்டரால் நேரடியாகவே இழுக்கலாம். அதற்கு மேல் தொடைக்கனம் வரை, அதாவது குறுக்கே அரை அடி வரை உள்ளவற்றைச் சுற்றித் தோண்டி, வேரை வெட்டிவிட்டு இழுக்க வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த நடுப்பிரிவைப் பற்றியது. அதையும் தாண்டியவற்றை விட்டுவிடுங்கள். பெரிய மரங்களுக்கெல்லாம் குறி போட்டு வைத்து, ஒரே நாளில் ஜேசிபியை வரவழைத்து எடுத்துவிடுவது லாபம். வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று டிராக்டரின் கிளட்ச் பிளேட்டைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும்.

தென்னையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கிளம்பி மண்ணையே ஒரு பந்தாகக் கட்டிவைத்திருக்கும். வெட்டிவிட நான்கைந்து பெரிய வேர் என்று எதுவும் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த டெல்டா தோப்புகளில் மரத்தைத் துண்டு போட்டு அகற்றிய பிறகும் வேரோடு மண்ணில் நிற்கும் அடிக்கட்டைகளான தூர்கள்தான் பெருந்தலைவலியாக நின்றன. தென்னந்தூரை ஜேசிபியிடம் கொடுத்துவிடுங்கள். அதற்காகத் தூரை அப்படியே மட்க விடவும் கூடாது, மட்கும் தென்னைக்குள்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும்.

பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. சந்தன மரத்துக்குத் தனி விதிகள். மலைப்பகுதி என்றால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்துக் கருவேலத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் கண்மாய்ப் புறம்போக்கில் நிற்பதில் கை வைக்காதீர்கள்.

பதம் பார்ப்பது

கோடையில் கரிசல் மண் கல்லாகக் கிடக்கும், கடப்பாரை தெறிக்கும். அடைமழையில் அதே மண் வழுக்கும், டயரில் அப்பி நான்கு சக்கரத்தையும் உருளையாக்கிவிடும். நல்ல மழை பெய்து, மேல்மண் காய்ந்து, ஒரு சாண் கீழே ஈரம் இருக்கும் நாட்களே நமக்கு வேண்டியவை. செம்மண்ணில் மழைவிட்ட மூன்றாம் நாளே இறங்கலாம். கரிசலில் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறக்கும் சமயம் எனக்குச் சரியாக இருந்தது. வெயிலும் குறைவு.

வண்டி இறங்கும் முன்னால்

ஒரு தடவை வெறும் காலாற நடங்கள் என்று சொல்ல வந்தேன், வேண்டாம், முள். நல்ல பூட்ஸ் போட்டு நடங்கள். ரப்பர் செருப்பைக் கருவேல முள் சர்வசாதாரணமாகத் துளைக்கும். டிராக்டரின் முன் டயரையும் துளைக்கும். அதனால் வெட்டிய முள்ளைத் தடத்தில் போடாமல் ஓரமாகக் குவித்துக்கொண்டே போக வேண்டும்.

நடக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது கிணறு. புதர் மண்டிய காட்டில் கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய கிணறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பக்கத்துக் காட்டுப் பெரியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிணற்று விளிம்பிலிருந்து 20 அடிக்குள் டிராக்டரைக் கொண்டுபோகாதீர்கள், ஈர மண் கரையோடு சரியும். இரண்டாவது மின்கம்பி. மரம் எந்தப்பக்கம் விழுந்தாலும் கம்பியில் படும் தூரத்தில் இருந்தால் அது உங்கள் வேலையே இல்லை, மின்வாரியத்தில் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, மண்ணுக்குள் புதைந்த பைப். சொட்டுநீர்க் குழாய், பம்புசெட் கேபிள், எல்லாம். நான்காவது பாம்பு. கருவேலத் தூரின் அடியில் சருகு மக்கி, எலிவளை இருக்கும். எலி இருந்தால் விரியனும் இருக்கும். கையை விடுவதற்கு முன்னால் கம்பால் தட்டிப் பாருங்கள். அருகில் எந்த அரசு மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று தெரிந்துவைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, எதுவும் வேண்டாம். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனியைப் பிடித்துவிட்டால் ஆளை விடுவிக்க நேரமே கிடையாது. தூர் இழுக்கும் வேலைக்குப் பி.டி.ஓ. தேவையுமில்லை. அதை நிறுத்திவிட்டு, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் மாதிரியானவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

மரத்தை அறுப்பது

சீமைக்கருவேலம் ஒற்றைத் தண்டாக நிற்காது, அடியிலிருந்தே நாலைந்தாகப் பிரிந்து வளைந்து படரும். முதலில் கீழ்க்கிளைகளைத் தொரட்டியாலும் வெட்டரிவாளாலும் எடுத்து, கவைக்கம்பால் தள்ளி ஒதுக்குங்கள். முள்ளைக் கையால் தொடும் ஆசை வேண்டாம். வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கிளை வில்லைப் போல விறைத்திருக்கும். அதன் வளைவின் வெளிப்புறத்தில் ஒரே வெட்டாக வெட்டினால் முகத்தில் அடிக்கும். வளைவின் உட்புறத்தில் சிறுகச் சிறுக வெட்டி, விறைப்பை இறக்கிவிட்டு அப்புறம் துண்டியுங்கள்.

செயின் சா பழக்கமில்லாதவர்கள் அதை இங்கே முதன்முதலாகப் பழக வேண்டாம். கூலிக்கு மரம் அறுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நீங்களே பிடிப்பதாக இருந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள், தோளுக்கு மேலே தூக்காதீர்கள், பிளேடின் நுனி மேல்பாகம் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நுனி இடித்தால்தான் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். கண்ணாடியும் தலைக்கவசமும் கட்டாயம். விழ வேண்டிய பக்கம் தண்டின் கால்பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டுங்கள். எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு போடுங்கள். இரண்டுக்கும் நடுவே விரற்கடை அளவு மரத்தை வெட்டாமல் விட வேண்டும். அந்த இணைப்புதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைச் சொன்ன திசையில் சாய்க்கும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு யாரும் நிற்கக்கூடாது. சாயத் தொடங்கியதும் நீங்கள் பின்பக்கமாகச் சாய்வாக விலகிப் போக வழி முன்பே சுத்தமாக இருக்க வேண்டும்.

நின்ற மரத்தை டிராக்டரால் முட்டித் தள்ளுவது, உச்சியில் கட்டிச் சாய்ப்பது இரண்டும் வேண்டாம். முட்டித் தள்ளினால் காய்ந்த கிளை தலையில் விழும், வேர் கிளம்பி வண்டிக்கு அடியில் எழும்பும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தரையோடு ஒட்ட அறுக்காதீர்கள்! இடுப்பளவு தண்டை விட்டு அறுங்கள். அந்தத் தண்டு பிறகு நெம்புகோலாகப் பயன்படும். அறுக்க வந்தவர்கள் விறகு போகிறதே என்று ஒட்டத்தான் அறுக்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

தூரைச் சுற்றித் தோண்டுவது

முக்கால்வாசி வேலை இங்கேதான். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது எங்கள் பக்கமும் ஊர் ஊராக அரிவாளோடு கிளம்பினோம். மேலே வெட்டினோம், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் துளிர். இந்த மரத்தின் உயிர் கிளையில் இல்லை, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கிறது. உறங்கும் மொட்டுகள் அங்கேதான். தரைக்குக் கீழே ஓர் அடி ஆழம் வரை அந்தக் கழுத்தை எடுத்துவிட்டால், அதற்கும் கீழே விட்டுப்போகும் வேர் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஆக, ஆணிவேரை அடிவரை தேடிப் போக வேண்டாம், ஓர் அடி போதும்.

தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக மண்ணைப் பறியுங்கள். முந்தின நாள் சாயங்காலம் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் கடப்பாரை சுலபமாக இறங்கும். பக்கவேர்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். மண்ணைத் தள்ளி வேரை முழுதாகக் காட்டிவிட்டு வெட்டுங்கள். மண்ணோடு சேர்த்து வெட்டினால் கோடாரி கல்லில் பட்டு மழுங்கும், தெறிக்கும். செயின் சாவை மண்ணுக்குள் விட்டால் ஒரே வேரில் சங்கிலியின் பல் போய்விடும்.

ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிடுவது நல்லது. ஒரே வெட்டு போட்டால் இழுக்கும்போது வெட்டுமுனைகள் மண்ணில் சிக்கிக்கொள்ளும். பக்கவேர் எல்லாம் போன பிறகு, விட்டுவைத்த தண்டைப் பிடித்து நீங்களே ஆட்டிப் பாருங்கள். இரண்டு ஆள் ஆட்டியும் அசையவில்லை என்றால் எங்கோ ஒரு வேர் பாக்கி. டிராக்டரை அழைக்க இன்னும் நேரம் ஆகவில்லை. இந்த ஒரு சோதனையைத் தவறாமல் செய்தாலே வண்டி கவிழும் ஆபத்து குறையும்.

கொக்கியை எங்கே மாட்டுவது

அன்று என் வண்டியின் முன்சக்கரம் ஏன் எழும்பியது? நான் சங்கிலியை டாப் லிங்க், அதாவது கலப்பையின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் கம்பி, மாட்டும் இடத்தில் கட்டியிருந்தேன். உயரமாக இருக்கிறதே, நன்றாக இழுக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இன்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது, அச்சு சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தை நகரவிடாமல் தூர் பிடித்துக்கொண்டால் அந்தச் சுழற்சி எங்காவது போக வேண்டுமே. சக்கரத்துக்குப் பதில் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்பப் பார்க்கும், மூக்கு மேலே கிளம்பும். சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து பின்னால் கவிழ்க்கும். டிராக்டர் இப்படிப் பின்பக்கமாக முழுதாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும். முக்கால் வினாடியைத் தாண்டினால் கிளட்ச்சை மிதித்தும் பயனில்லை.

ஆகவே கொக்கி டிராபாரில்தான். பின்னால், தாழ்வாக, அச்சுக்குக் கீழே இருக்கும் அந்தப் பட்டைக் கம்பியில் மட்டும். டாப் லிங்க்கில் வேண்டாம், அச்சில் சுற்ற வேண்டாம், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைகம்பியான ரோல் பாரில் கட்டவே வேண்டாம். டிராபாரைக் கழற்றிப் போட்டுவிட்டீர்கள் என்றால் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். முன்னால் மாட்டும் எடைக்கட்டிகள் இருந்தால் அவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

பல மினி டிராக்டர்களில் ரோல் பார் இருப்பதில்லை. இருந்தால் நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டைப் போடுங்கள். ரோல் பார் மடக்கியிருந்தாலோ இல்லாவிட்டாலோ பெல்ட் போடக்கூடாது, கவிழ்ந்தால் குதித்துத் தப்பும் வாய்ப்பையும் அது கெடுக்கும். ரோல் பார் இல்லாத வண்டியில் மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் எதையும் இழுக்க வேண்டாம் என்பேன்.

சங்கிலி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கிரேடு 80 முத்திரை உள்ள 10 மில்லிமீட்டர் சங்கிலி 3 டன்னுக்கு மேல் தாங்கும், மினி டிராக்டருக்குத் தாராளம். லாரியில் சரக்குக் கட்டும் நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு, அறுந்தால் சவுக்காகத் திரும்பி வரும். கிணற்று மோட்டார் தூக்கிக் கழித்துப்போட்ட கம்பிக்கயிறும் ஆகாது. சங்கிலி 20, 25 அடியாவது இருக்கட்டும். குட்டையாகக் கட்டினால் கோணம் செங்குத்தாகும், கிளம்பி வரும் தூரும் நேராக உங்கள் முதுகுக்கு வரும். கட்டிய பிறகு சங்கிலியின் நடுவே நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் சாக்கின் எடை வேகத்தைக் கொஞ்சம் அமுக்கும்.

இழுப்பது

உதவிக்கு ஒரே ஆள் போதும். அவர் சங்கிலியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில், உங்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்து, அவ்வளவுதான் பாஷை. எடைக்கு ஆகட்டும் என்று மட்கார்டில் ஆள் ஏற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு, இந்த வேலையில் அது கொலைக்குச் சமம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், வீட்டுக்கு அனுப்புங்கள்.

டிராக்டர், சங்கிலி, தூர் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் வண்டி பக்கவாட்டில் கவிழும். மேட்டை நோக்கியும் இழுக்காதீர்கள். சங்கிலியைத் தண்டின் முழங்கால் உயரத்தில் சுருக்குப் போட்டு மாட்டுங்கள். லோ கியரில் முதல் கியர், நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம், ஆக்சிலேட்டர் குறைவாக. கிளட்ச்சை மெதுவாக விட்டுச் சங்கிலியின் தொய்வை எடுங்கள். விறைத்ததும் ஒரு கணம் நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு இழுங்கள்.

சக்கரம் சுற்றத் தொடங்கினாலோ முன்பக்கம் இலேசானது போலத் தோன்றினாலோ கிளட்ச்சை மிதித்து நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஆக்சிலேட்டரைக் கூட்டினால் உங்கள் கதை முடிந்துவிடும். நாலடி பின்னால் வந்து ஓடிப்போய் வெடுக்கென்று இழுப்பதும் அதே கதைதான், சங்கிலி அறும் அல்லது கொக்கி பறக்கும். இறங்குங்கள், இன்னும் தோண்டுங்கள். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் போய் அங்கிருந்து கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டினால் அடிவேர் தளரும், எங்கே வேர் பாக்கி என்பதும் தெரிந்துவிடும்.

தண்டை ஏற்கெனவே ஒட்ட அறுத்துவிட்ட சின்னத் தூர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய டயர் கழற்றிய சக்கர வட்டு ஒன்றைத் தூருக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, தூரில் கட்டிய சங்கிலியை அதன் மேல்விளிம்புப் பள்ளத்தில் ஏற்றி டிராக்டருக்குக் கொண்டுபோங்கள். இழுக்கும்போது வட்டு உருண்டு, கிடையாக வரும் இழுவையைத் தூரை மேலே தூக்கும் விசையாக மாற்றும். வட்டு நழுவிப் பறக்கவும் செய்யும், அதனால் அந்தப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது.

வராத தூர் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தீ வைத்து எரிக்கச் சொல்வார்கள். கழுத்து மண்ணுக்குள் இருக்கும்வரை மேலே எரிவதால் பயனில்லை, புகைந்துகொண்டே கிடந்து பக்கத்துக் காட்டுச் சருகில் பிடித்தால் வம்பு. சுண்ணாம்புக் குறி போடுங்கள், ஜேசிபி வரும் நாளில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

குழியும் அதற்கு மேலும்

குழியை அன்றே மூடுங்கள், ராத்திரி ஆடு மாடு விழும். மண் அமரும் என்பதால் தரைமட்டத்துக்கு அரை அடி உயரமாகக் குவித்து மூடுங்கள். அறுந்த வேர்த்துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுத்த பிறகே ரோட்டவேட்டரை விடுங்கள், இல்லாவிட்டால் பிளேடு வளையும்.

அடுத்த மழைக்குக் காடு முழுக்கக் கருவேல நாற்று முளைக்கும். விதை மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு ஊர் முழுக்க விதைக்கும். முளை ஒரு சாண் இருக்கும்போது ஈர மண்ணில் கையால் பிடுங்கினால் வந்துவிடும். இரண்டு, மூன்று மழைக்காலம் இப்படிச் சுற்றி வர வேண்டும்.

எடுத்த தூர்களை எரிக்காதீர்கள், கரிமூட்டம் போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மண் அப்பியிருந்தால் விலையைக் குறைப்பார்கள். ஒரு மழைக்குத் திறந்தவெளியில் போட்டுவைத்து, நன்றாகக் கழுவுண்டு காய்ந்த பிறகு கூப்பிடுங்கள்.